தேதிக்குள் ஒளிந்த ரகசிய எண்!

ஒரு பைல். அதைக் கடைசியாகத் திருத்தியது 2031-ம் ஆண்டு மார்ச் மாதம் என்று கம்ப்யூட்டர் காட்டுகிறது. கடைசியாகப் படித்தது 1987-ம் ஆண்டாம்! இன்னும் வராத ஆண்டிலிருந்து யார் வந்து திருத்தினார்கள்? திறந்து பார்க்கலாம் என்றால், "அனுமதி இல்லை" என்று கதவைச் சாத்துகிறது. உள்ளே என்னதான் இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஓர் எழுத்துக்கூடக் கிடையாது!

பல கம்ப்யூட்டர்கள் ஒரே அலமாரியைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஆபீசுகளிலும் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பட்ட அனாதைப் பைல் எப்போதாவது ஒன்று தலைகாட்டுவது உண்டு. இது பேயின் வேலை அல்ல. கடிகாரக் கோளாறும் அல்ல. அந்த இரண்டு தேதிகளும் தேதிகளே அல்ல! தேதிக்கு உரிய இடத்தில் ஒளித்து வைக்கப்பட்ட ரகசிய எண்தான் அப்படித் தேதி போல வேஷம் போடுகிறது. அதை நீக்கி உண்மைத் தேதியைப் போட வேண்டிய கம்ப்யூட்டர், போடுவதற்குள் மாண்டுவிட்டது.

எதற்காக எண்ணை ஒளிக்க வேண்டும்? அதிலும் தேதிக்குள் போயா ஒளிக்க வேண்டும்?

எல்லாருக்கும் ஓர் அலமாரி

1982-ம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் "சன் மைக்ரோசிஸ்டம்ஸ்" என்ற கம்பெனி பிறந்தது. தொடங்கியவர்களில் ஒருவர் டில்லி ஐ.ஐ.டி.யில் படித்த வினோத் கோஸ்லா. மேஜை மீது வைத்து வேலை செய்யக்கூடிய கம்ப்யூட்டர்களைச் செய்வது அதன் தொழில். அந்த நாளில் பைல்களைச் சேமிக்கும் தட்டுகளுக்கு யானை விலை. ஒவ்வொரு மேஜைக்கும் ஒன்று வாங்கி வைக்க எல்லா ஆபீசுகளுக்கும் கட்டாது. ஒரு பெரிய கம்ப்யூட்டரில் எல்லாப் பைல்களையும் வைத்து, மற்றவை கம்பி வழியாகக் கேட்டு வாங்கிக்கொண்டால் என்ன? 1984-ல் இதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். அடுத்த ஆண்டே வெளியிட்டார்கள். அதற்கு என்.எப்.எஸ். என்று பெயர்.

பைல்களைக் கொடுக்கும் பெரிய கம்ப்யூட்டருக்கு "சர்வர்" என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் சர்வர் என்றால் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "சார், என்ன வேணும்?" என்று கேட்டு வருகிறவர். உண்மையில் இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். வாடிக்கைக்காரர் கேட்பதைக் கொண்டுவந்து வைப்பது!

ஹோட்டலில் "ஒரு தோசை" என்று மட்டும் சொன்னால் போதாது. சாதாவா, நெய் தோசையா, முறுகலா, மெத்தென்றா என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் சொன்னது முழுமையாகும். "ஒரு புதுப் பைல் உண்டாக்கு" என்று சர்வரிடம் சொல்வதும் அப்படித்தான். சொந்தக்காரர் யார்? எந்தக் குழுவைச் சேர்ந்தவர்? யார் படிக்கலாம், யார் எழுதலாம்? அளவு என்ன? கடைசியாகப் படித்த நேரம் எது, திருத்திய நேரம் எது? 1985-ல் வந்த ஏற்பாட்டில் பைல் உண்டாக்கும் வேண்டுகோளோடு இந்த ஆறு லட்சணங்களும் ஒரே சீட்டில் போயின.

முதலில் பைலை உண்டாக்கிவிட்டு, லட்சணங்களைப் பிறகு சொல்லக் கூடாதா? சொல்லலாம். ஆனால் நடுவில் ஓர் இடைவெளி விழும். சம்பளப் பட்டியல் எழுதப்போகும் பைல், "யாரும் படிக்கலாம்" என்ற நிலையில் பிறந்து, அரை விநாடி கழித்து "சொந்தக்காரர் மட்டும்" என்று மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை விநாடியில் வேறொருவன் அதைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டால்? பிறகு எத்தனை பூட்டுப் போட்டாலும், யூனிக்ஸ் முறையில் ஏற்கெனவே திறந்தவன் திறந்தவன்தான். ஆகவே பிறப்பும் லட்சணமும் ஒன்றாகவே வரவேண்டும். இது அடிப்படை விதி.

சீட்டில் எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாக வேண்டும் என்பதில்லை. வேண்டாத கட்டத்தில் "–1" என்று போட்டால், "இது உன் இஷ்டம்" என்று பொருள். நேரம் விஷயத்தில்தான் வேடிக்கை. கேட்கிறவரின் கடிகாரம் ஒன்று காட்டும், சர்வரின் கடிகாரம் இன்னொன்று காட்டும். "உன் கடிகாரப்படியே போட்டுக்கொள்" என்று சொல்லச் சீட்டில் இடம் இல்லை! விநாடியைப் பத்து லட்சமாகப் பிரித்துச் சொல்லும் கட்டம் ஒன்று உண்டு. அதில் 9,99,999 வரைதான் வரலாம். சன் கம்பெனிக்காரர்கள் அதில் நடக்கவே முடியாத 10,00,000 என்ற எண்ணைப் போட்டு, அதையே சமிக்ஞை ஆக்கிவிட்டார்கள். இடம் இல்லாத சீட்டில் இடம் பிடிக்கும் வித்தையில் அவர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி. இன்னொன்று பின்னால் வருகிறது.

கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். "சொந்தக்காரர்: தலைமை நிர்வாகி" என்று ஒருவர் எழுதிக் கேட்டால், வழக்கமாக சர்வர் அதை ஒப்புக்கொள்வதில்லை. கேட்கிற கம்ப்யூட்டரில் அவர் ராஜாவாக இருக்கலாம். இங்கே அவர் முன்பின் தெரியாதவர்! அவரை "யாரோ ஒருவர்" என்ற கணக்கில் எழுதிக்கொள்ளும். லினக்ஸ் சர்வர்களில் அந்த யாரோ ஒருவருக்கு எண் 65534.

மறதிக்கார சர்வர்!

இந்தச் சர்வருக்கு ஒரு விசேஷம். யார் என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தோம் என்று எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. வேண்டுமென்றே அப்படி அமைத்தார்கள். காரணம் உண்டு. மின்சாரம் போய், சர்வர் விழுந்து, மறுபடி எழுந்தால், மறப்பதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கு நஷ்டமும் இல்லை அல்லவா? வாடிக்கைக்காரர் பதில் வரும்வரை கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார். சர்வர் எழுந்ததும் பதில் சொல்லும். அவ்வளவுதான். மிகச் சுலபமான ஏற்பாடு.

பைலைப் படிக்கும் வேலைக்கு இது பிரமாதம். ஒரே பக்கத்தை இரண்டு தரம் படித்தால் என்ன கெட்டுப்போகிறது? ஒரே இடத்தில் ஒரே வார்த்தையை இரண்டு தரம் எழுதினாலும் கேடு இல்லை.

ஆனால் பைல் உண்டாக்கும் வேலை அப்படிப்பட்டதல்ல!

அந்தக் காலத்து ஆபீஸ்களில் ஒருவருக்கு வரும் தபால் எல்லாம் ஒரே பைலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும். புதுத் தபாலைச் சேர்க்க ஒரு புரோகிராம், படித்ததை நீக்க வேறொரு புரோகிராம். இரண்டும் ஒரே சமயத்தில் கை வைத்தால் தபால் நாசம். ஆகவே கை வைக்கும் முன் "பூட்டு" என்ற பெயரில் ஒரு வெற்றுப் பைலை உண்டாக்குவார்கள். "இந்தப் பெயரில் பைல் இல்லாவிட்டால் மட்டும் உண்டாக்கு, இருந்தால் முடியாது என்று சொல்" என்பது கட்டளை. உண்டாக்கியவன் உள்ளே போவான். மற்றவன் வெளியே காத்திருப்பான். வேலை முடிந்ததும் பூட்டுப் பைலை அழித்துவிடுவார்கள். ஒரே கம்ப்யூட்டருக்குள் இது கச்சிதமாக நடந்தது.

கம்பி வழியே வந்ததும் கோளாறு தொடங்கியது. முதலில் வந்த என்.எப்.எஸ்.ஸில் "இல்லாவிட்டால் மட்டும்" என்று உறுதியாகக் கேட்க வழியில்லை. கேட்கிறவர் முதலில் "அந்தப் பெயரில் பைல் இருக்கிறதா?" என்று விசாரிப்பார். "இல்லை" என்று பதில் வந்தால், "சரி, உண்டாக்கு" என்பார். இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒரே சமயத்தில் விசாரித்தால் இரண்டுக்கும் "இல்லை" என்றே பதில் வரும். இரண்டும் உண்டாக்கும். இரண்டும் "பூட்டு என்னுடையது" என்று உள்ளே நுழையும். தபால் போச்சு!

சர்வரே கண்டிப்பாக இருந்துவிட்டால்? அதிலும் வம்பு. வேண்டுகோள் போய்ச் சேர்கிறது. சர்வர் பூட்டுப் பைலை உண்டாக்கிவிடுகிறது. "ஆயிற்று" என்ற பதில் வழியில் தொலைந்துவிடுகிறது. கேட்டவர் மறுபடி கேட்கிறார். மறதிக்கார சர்வர் பார்க்கிறது. பைல் ஏற்கெனவே இருக்கிறது. "முடியாது, வேறு யாரோ உண்டாக்கிவிட்டார்கள்" என்கிறது. அந்த வேறு யாரோ, கேட்டவரேதான்! தான் போட்ட பூட்டுக்கு வெளியே தானே நின்றுகொண்டு, வராத ஆளுக்காகக் காத்திருக்கிறார் பாவம்.

சர்வருக்குக் கொஞ்சம் ஞாபகசக்தி ஊட்டிப் பார்த்தார்கள். சற்று முன் சொன்ன பதில்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே வேண்டுகோள் மறுபடி வந்தால் பழைய பதிலையே சொல்லும்படி செய்தார்கள். டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனிக்காரர் ஒருவர் 1989-ல் இதைப்பற்றி எழுதிய கட்டுரை பிரசித்தம். பலன் இருந்தது. ஆனால் அந்தக் குறிப்பு எல்லாம் மின்சாரம் உள்ளவரைதான். சர்வர் விழுந்து எழுந்தால் சிலேட்டு சுத்தம்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் இதற்குள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தங்கள் கம்ப்யூட்டரின் பெயரையும் புரோகிராமின் எண்ணையும் சேர்த்து, உலகில் வேறு யாரும் வைக்காத பெயரில் ஒரு பைலை முதலில் உண்டாக்கினார்கள். பிறகு அதே பைலுக்குப் "பூட்டு" என்று இரண்டாவது பெயர் சூட்டச் சொன்னார்கள். சர்வர் "ஆயிற்று" என்றாலும் நம்பவில்லை, "முடியாது" என்றாலும் நம்பவில்லை! தங்கள் பைலுக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு என்று வந்தால் பூட்டு நம்முடையது. பதில் தொலைந்தாலும் எண்ணிக்கை பொய் சொல்லாது. லினக்ஸின் கையேட்டில் இந்த யோசனை அச்சாகவே இடம்பெற்றது.

பாஸ்டன் நகர ஆலோசனை

1992-ம் ஆண்டு ஜூலையில் பல கம்பெனிகளின் என்ஜினீயர்கள் பாஸ்டன் நகரில் கூடி, என்.எப்.எஸ்.ஸின் மூன்றாம் பதிப்பைப்பற்றி ஆலோசித்தார்கள். 1995-ம் ஆண்டு ஜூன் மாதம் அது 1813-ம் எண் ஆவணமாக வெளிவந்தது. எழுதியவர்கள் கால்லகன், பாவ்லோவ்ஸ்கி, ஸ்டாபாக் என்ற மூவர்.

அதில் பைல் உண்டாக்க மூன்று விதக் கட்டளைகள். "இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம், உண்டாக்கு" என்பது ஒன்று. "பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் உண்டாக்கு" என்பது இரண்டாவது. இந்த இரண்டிலும் லட்சணங்கள் கூடவே போகும். மூன்றாவதுதான் நம் கதாநாயகன். "இல்லாவிட்டால் மட்டும் உண்டாக்கு, அதோடு இந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்" என்பது.

எட்டு பைட்டு நீளமுள்ள எண் அது. கேட்கிறவர் தம் முகவரியையும் அப்போதைய வரிசை எண்ணையும் சேர்த்து, இன்னொருவருக்கு அமையாத எண்ணாக அதைச் செய்துகொள்ளலாம். சர்வர் பைலை உண்டாக்கும்போதே எண்ணையும் பைலோடு எழுதிவிடும். பதில் தொலைந்து, அதே வேண்டுகோள் மறுபடி வருகிறதா? பைல் ஏற்கெனவே இருக்கிறது. சர்வர் எண்ணைப் பார்க்கிறது. அதே எண்! "ஓகோ, நீர்தானா? ஆயிற்று ஐயா" என்கிறது. வேறு எண் என்றால், "முடியாது." சர்வர் நடுவில் பத்துத் தரம் விழுந்து எழுந்தாலும் கவலை இல்லை. ஏனென்றால் எண் சர்வரின் மூளையில் இல்லை, தட்டிலேயே பதிந்திருக்கிறது.

நல்ல யோசனைதான். ஆனால் தட்டில் எந்த இடத்தில் பதிவது? ஒவ்வொரு பைலுக்கும் லட்சணம் எழுதத் தட்டில் சின்னக் கட்டங்கள் உண்டு. அந்தக் கட்டங்களை வகுத்தவர்கள் இப்படி ஓர் எண் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை. காலியிடம் கிடையாது. இருக்கிற கட்டங்களில் எதைத் தற்காலிகமாகப் பறிக்கலாம்? சொந்தக்காரர் கட்டத்தில் கை வைத்தால் பைல் வேறு ஒருவருடையதாகிவிடும். அனுமதிக் கட்டத்தில் கை வைத்தால் கதவு திறந்துவிடும். அப்போதுதான் பிறந்த வெற்றுப் பைலுக்கு, "கடைசியாகப் படித்தது எப்போது, திருத்தியது எப்போது" என்பது அவ்வளவு முக்கியமா? இல்லை! அந்த இரண்டு கட்டங்களில் எண்ணைப் பாதி பாதியாகப் போட்டுவிட்டார்கள்.

லினக்ஸ் சர்வர் இதிலும் ஒரு நுணுக்கம் செய்தது. எண்ணை முழுசாகப் போட்டால் சன் கம்பெனியின் சோலாரிஸ் 7 குழம்பிப்போயிற்று. ஆகவே ஒவ்வொரு பாதியிலும் முதல் பிட்டை வெட்டிவிட்டு, 31 பிட்டுகளை மட்டும் வைத்தார்கள். 1970-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதியிலிருந்து விநாடிகளை எண்ணுவது யூனிக்ஸ் வழக்கம். 31 பிட்டுகளில் அடங்கும் விநாடிகள் 2038-ம் ஆண்டு ஜனவரி 19-ந்தேதியோடு முடிகின்றன. இதனால்தான் லினக்ஸ் சர்வரில் கிடக்கும் அனாதைப் பைல்களின் தேதிகள் 1970-க்கும் 2038-க்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் துள்ளுகின்றன.

இந்த யுக்திக்குக் கொடுத்த விலை என்ன? லட்சணங்கள் எழுதும் கட்டத்தில் எண் உட்கார்ந்துவிட்டபடியால், லட்சணங்களைக் கூடவே அனுப்பக் கூடாது என்று விதி செய்ய வேண்டியதாயிற்று! எந்தக் கட்டத்தை சர்வர் பறிக்கும் என்று கேட்கிறவருக்குத் தெரியாதல்லவா? ஆகவே பைல் முதலில் பிறக்கும். "ஆயிற்று" என்று பதில் வரும். அதன் பிறகு கேட்டவர் இரண்டாவது சீட்டு அனுப்பி, அனுமதி இது, நேரம் இது என்று சொல்ல வேண்டும். அந்தச் சீட்டு வந்ததும் ரகசிய எண் அழிந்து உண்மைத் தேதி ஏறும்.

பிறப்பும் லட்சணமும் ஒன்றாக வரவேண்டும் என்ற அடிப்படை விதி என்ன ஆயிற்று? உடைந்தது! பூட்டு வேண்டும் என்பதற்காகக் கதவைக் கழற்றிய மாதிரி. நல்லவேளையாக லினக்ஸ்காரர்கள் முன்ஜாக்கிரதையாக இருந்தார்கள். லட்சணம் சொல்லாமல் வந்த பைலை, "யாருக்கும் எந்த அனுமதியும் இல்லை" என்ற நிலையில் பிறக்க வைத்தார்கள். திருடன் நுழையமாட்டான். ஆனால் கேட்ட கம்ப்யூட்டர் அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் செயலிழந்துவிட்டால், இரண்டாவது சீட்டு வரவே வராது. பைல் பெற்றவர் இல்லாத பிள்ளையாக, பொய்த் தேதியோடு, திறக்க முடியாமல் கிடக்கும். அளவு பூஜ்யம், அனுமதி பூஜ்யம், தேதி அபத்தம் என்ற மூன்றும் சேர்ந்து இருந்தால் நிர்வாகிகள் காரணத்தை ஊகித்துவிடலாம்.

விடுகிறார்களா?

நான்காம் பதிப்பு 2000-ம் ஆண்டில் முதல் ஆவணமாகவும் 2003-ல் திருத்தப்பட்டும் வந்தது. உண்டாக்குவதும் திறப்பதும் அதில் ஒரே கட்டளை ஆயின. "உன் எண்ணை இன்ன இன்ன கட்டங்களில் வைத்திருக்கிறேன்" என்று சர்வர் பதிலோடு ஒரு பட்டியலும் கொடுத்தது. எதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஊகிக்கும் தொல்லை தீர்ந்தது. இடைவெளி மட்டும் தீரவில்லை.

அது அடைபட்டது 2010-ம் ஆண்டு ஜனவரியில். சன் கம்பெனி ஆரக்கிள் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே மாதம்தான் என்பது விசித்திரமான பொருத்தம். அந்த மாதம் வெளியான 4.1-ம் பதிப்பில், சர்வர் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது: "ரகசிய எண்ணோடு இந்த இந்த லட்சணங்களை அனுப்பலாம், மற்றவை என் ஒளிவிடம், அனுப்பாதே." கேட்கிறவர் அனுமதி, குழு முதலியவற்றை எண்ணோடு ஒரே சீட்டில் அனுப்புகிறார். பிற்பாடு சரிசெய்ய மிஞ்சுவது ஒளிவிடமான நேரக் கட்டங்கள்தான். சர்வர் தன் பதில்களைத் தட்டிலேயே எழுதி வைக்க வல்லதாக இருந்தால் ரகசிய எண்ணே வேண்டாம் என்றும் வகை செய்தார்கள். 1984-ன் மறதிக்காரர் நாட்குறிப்பு எழுதக் கற்றுக்கொள்ள இத்தனை ஆண்டுகள்!

ஆனாலும் இன்றும் எத்தனையோ இடங்களில் மூன்றாம் பதிப்பே ஓடிக்கொண்டிருக்கிறது. பழையதை மாற்ற யாருக்குத்தான் மனம் வருகிறது?

பிறக்கும்போது ஓர் ஓட்டை போனால் இன்னொன்று. யூனிக்ஸில் ஒவ்வொரு புரோகிராமும் கையில் ஒரு கத்தரி வைத்திருக்கும். அதற்கு "யூமாஸ்க்" என்று பெயர். "எல்லாரும் படிக்கலாம், எழுதலாம்" என்று 666 என்ற அனுமதியோடு பைல் கேட்டால், 022 என்ற கத்தரி மற்றவர்களின் எழுதும் உரிமையை வெட்டி 644 ஆக்கிவிடும். அசட்டுத்தனமாகக் கதவைத் திறந்துவிடாதிருக்க இது பாதுகாப்பு. ஒரு விலக்கு உண்டு. "இங்கே பிறக்கும் பைல்களுக்கு இன்னாரெல்லாம் எழுதலாம்" என்று டைரக்டரியிலேயே பரம்பரைப் பட்டியல் வைத்திருந்தால், கத்தரியை எடுக்கக் கூடாது.

வம்பு என்னவென்றால், பட்டியல் இருப்பது சர்வரிடம். கத்தரி இருப்பது கேட்கிறவரிடம்! அவர் பட்டியலைப் பார்க்காமலே முதலில் வெட்டிவிட்டு, மீந்த 644-ஐ மட்டும் சீட்டில் எழுதுவார். பத்துப் பேர் சேர்ந்து எழுத வேண்டிய கணக்குப் பைலில், உண்டாக்கியவரைத் தவிர மற்ற ஒன்பது பேருக்கும் "அனுமதி இல்லை." நிர்வாகி பட்டியலைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார். பட்டியல் சரியாகவே இருக்கும்!

2017-ம் ஆண்டு டிசம்பரில் வந்த 8275-ம் எண் ஆவணம் இதைத் தீர்த்தது. வெட்டாத 666 தனியாக, கத்தரி 022 தனியாக, இரண்டையும் ஒரே லட்சணத்தில் அனுப்பு என்றது. டைரக்டரியில் பட்டியல் இருந்தால் சர்வர் கத்தரியை ஒதுக்கிவிடும். இல்லாவிட்டால் தானே வெட்டிக்கொள்ளும். இந்த லட்சணத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. பைல் உண்டாக்கும் வேண்டுகோளில் மட்டுமே அதற்கு மதிப்பு. பைல் பிறந்த பிறகு, "அப்போது கத்தரி என்னவாக இருந்தது?" என்று கேட்டால், சர்வர் "செல்லாத கேள்வி" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும்.